அண்ணி போட்ட கையெழுத்து

ஜாமீன் கிடைத்துவிட்டது என்று போன வாரம் வந்த பகுதியின் முடிவில் நீங்களும் பெருமூச்சு விட்டீர்கள், அண்ணியும் பெருமூச்சு விட்டாள். யாரையும் குறை சொல்வதற்கில்லை. நீதிபதி வாயிலிருந்து 'ஜாமீன்' என்ற சொல் விழுந்ததும் சிறைக் கதவு தானாகத் திறந்துகொள்ளும் என்றுதான் அந்தப் பக்கம் போகாத எல்லாரும் நினைக்கிறோம்.

எங்கே திறக்கிறது! நேற்று கிடைத்தது உத்தரவு மட்டும். அதன் அடியில் ஒரு வரி இருந்தது. சொந்தமாக வீடோ கடையோ உள்ள இரண்டு பேர் கோர்ட்டுக்கு வர வேண்டும். 'இந்த ஆள் கூப்பிட்ட தேதிக்கெல்லாம் வருவான், வராவிட்டால் என் சொத்திலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள்' என்று எழுதிக் கொடுக்க வேண்டும். நீதிபதி அவர்களை நேரில் நிறுத்தி, நாலு கேள்வி கேட்டு, சரி என்று தலையாட்ட வேண்டும். அப்புறம்தான் விடுதலை உத்தரவு. அதுவும் சாயங்காலம் கைதிகளை எண்ணி அறைக்குள் பூட்டுவதற்கு முன்னால் சிறைக்குப் போய்ச் சேர்ந்தாக வேண்டும்.

இன்றைக்குள் இது நடக்கவில்லையென்றால்? நாளையிலிருந்து கோர்ட்டுக்கு ஒரு வாரம் விடுமுறை. அந்த ஒரு வாரமும் அண்ணியின் கொழுந்தன் சின்னவன் உள்ளேதான்.

போன தடவை கம்பிக்கு அந்தப் பக்கம் அவனைப் பார்த்தபோதே அண்ணிக்குப் பகீர் என்றது. ஆள் பாதியாகிவிட்டிருந்தான். வாய் மூடாமல் பேசுகிறவன், கேட்ட கேள்விக்கு மட்டும் தலையாட்டினான். கடைசியில் ஒன்றே ஒன்று சொன்னான். "முடியல அண்ணி."

அந்த இரண்டு வார்த்தையைச் சுமந்துகொண்டுதான் அவள் காலையிலிருந்து கோர்ட் வராந்தாவில் நிற்கிறாள்.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். அண்ணி என்பது சின்னவனுக்கு மட்டும் அண்ணி இல்லை, மார்க்கெட்டுக்கே அண்ணி. சாவிக்கடையில் உட்கார்ந்திருப்பவளைச் சின்னவன் நாள் முழுக்க "அண்ணி, அண்ணி" என்று கத்திக் கத்தி, இரண்டு மடங்கு வயசான மளிகைக்காரர் வரைக்கும் எல்லாருக்கும் அவள் அண்ணியாகிவிட்டாள். புருஷனுக்குக் கப்பலில் வேலை. சிக்னல் கிடைக்கிற நாளில்தான் அவன் புருஷன். வீட்டை ஆள்வது மாமனார். எல்லாரும் அவரைப் பெரியவர் என்பார்கள். பூட்டு வேலையில் அவர் பேருக்கு ஊரில் அவ்வளவு மதிப்பு.

அந்தப் பேரில்தான் சின்னவன் மண்ணை அள்ளிப் போட்டான். ஒரு சாயங்காலம், அழுகிற குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஒருத்தன் வந்து, "சாவி தொலைஞ்சிருச்சு, குழந்தைக்குக் காய்ச்சல், வீட்டைத் திறந்து விடுங்க" என்றான். இவன் ஓடிப்போய்த் திறந்து கொடுத்தான். அது அவன் வீடே இல்லை. மறுநாள் பார்த்தால், வெளியூர் போயிருந்தவர்களின் வீடு துடைத்து வைத்த மாதிரி காலி. வந்தவன் மாயம். வீட்டை உடைத்துத் திருட உடந்தை என்று வழக்கு சின்னவன் தலையில் விழுந்தது.

கதை இவ்வளவுதான். வாருங்கள், கோர்ட்டுக்குள் போவோம்.

முதல் ஜாமீன் சைக்கிள் கடைக்காரர். நீதிபதி கேட்டதற்கெல்லாம் "ஆமாங்க", "தெரியுங்க" என்று சொல்லிவிட்டு, கையெழுத்துப் போட்டு, கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார். பஞ்சர் ஒட்டுகிற நேரம்கூட ஆகவில்லை.

"நல்ல சகுனம்மா" என்றார் அண்ணியிடம். "அடுத்தவரையும் சீக்கிரம் முடிச்சுடுங்க. கடையை அப்படியே திறந்து போட்டுட்டு வந்திருக்கேன்."

அடுத்தவர் பெரியவரின் சொந்தத் தம்பி. சின்னவனுக்குச் சித்தப்பா, அண்ணிக்குச் சின்ன மாமா, ஊருக்குக் கையெழுத்துச் சித்தப்பா. யார் எதை நீட்டினாலும் கையெழுத்துப் போட்டுவிடுவார். பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் பாதுகாவலரா, கல்யாணப் பதிவுக்குச் சாட்சியா, முன்பின் தெரியாத ஆளுக்கு நன்னடத்தைச் சான்றா, பேனாவோடு வந்து நிற்பார். இல்லை என்ற சொல்லை அந்த மனுஷன் சொல்லி யாரும் கேட்டதில்லை.

இன்றைக்கு மடிப்புக் கலையாத சட்டை. பையில் இரண்டு பேனா.

"ஒண்ணு எழுதலன்னா இன்னொண்ணு" என்று கண்ணைச் சிமிட்டினார். "கவலைப்படாதேம்மா. சாயங்காலம் உன் கொழுந்தன் உன் கையால காப்பி குடிப்பான்."

உள்ளே கூப்பிட்டார்கள். வக்கீலம்மா முன்னால் போனாள். அவளுக்கு முப்பது வயசுக்குள்தான் இருக்கும். கோர்ட்டில் நடந்து யாரும் பார்த்ததில்லை, ஓட்டம்தான். அண்ணி பின்வரிசை பெஞ்சின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டாள்.

கையெழுத்துச் சித்தப்பா கூண்டில் ஏறி, நீதிபதிக்கு ஒரு கும்பிடு போட்டார். நீதிபதிக்குக் கீழே உட்கார்ந்திருந்த எழுத்தர் தலையைத் தூக்கினார். ஒரு தரம் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடியும் பார்த்தார். அப்புறம் எழுந்து நீதிபதியின் காதோரம் ஏதோ சொன்னார்.

அண்ணி கழுத்தை நீட்டிக் காதைத் தீட்டிக்கொண்டாள்.

"நீங்க இதுக்கு முன்னாடி யாருக்காவது ஜாமீன் நின்னிருக்கீங்களா?" நீதிபதியின் குரலில் கோபம் இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

"நின்னிருக்கேங்க." சித்தப்பா முகம் மலர்ந்தது. யாரோ பாராட்டப் போகிறார்கள் என்று நினைத்துவிட்டார் பாவம். "நாலஞ்சு பேருக்கு இருக்குங்க. கஷ்டம்னு வந்து நிப்பாங்க, எப்படிங்க முடியாதுன்னு சொல்றது?"

"அதுல ஒருத்தன் மூணு தடவையா கோர்ட்டுக்கு வரல. உங்களுக்குத் தெரியுமா?"

"யாருங்க அது?"

"அதை நான்தான் உங்ககிட்டக் கேக்கணும். அவனுக்கு நீங்கதானே பொறுப்பு?"

சித்தப்பா யோசித்தார். நெஞ்சில் கைவைத்து யோசித்தார். "பேரு ஞாபகம் வரலைங்க. சிவப்பாத் தொப்பி போட்டிருப்பான். ரொம்ப நல்ல பையன்."

பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். நீதிபதி சிரிக்கவில்லை.

"பேர்கூடத் தெரியாத ஆளுக்கு உங்க வீட்டை எழுதிக் குடுத்திருக்கீங்க. அதே வீட்டை வெச்சு இன்னிக்கு இன்னொருத்தருக்கு நிக்க வந்திருக்கீங்க. முடியாது. அந்த ஆளைக் கண்டுபிடிச்சுக் கொண்டுவர உங்களுக்கு விடுமுறை முடியிற வரைக்கும் டைம் தரேன். இல்லேன்னா உங்க மேலேயே நடவடிக்கை வரும். இறங்குங்க."

சித்தப்பா இறங்கினார். கால் படியைத் தேடியது.

வராந்தாவுக்கு வந்ததும் வக்கீலம்மா பொரிந்து தள்ளிவிட்டாள். "நேத்து எத்தனை தடவை கேட்டேன்? வேற யாருக்காவது நின்னிருக்கீங்களா, நின்னிருக்கீங்களான்னு!"

"நமக்கு அனுபவம் இருக்கான்னு கேக்கறேன்னு நினைச்சேம்மா. அதான் எல்லாம் நான் பாத்துக்கறேன்னு…" சித்தப்பாவால் முடிக்க முடியவில்லை. பெஞ்சில் பொத்தென்று உட்கார்ந்துவிட்டார். "என் பிள்ளை மாதிரிம்மா அவன். ஊர்ல உள்ளவனுக்கெல்லாம் போட்டேன். அவனுக்குப் போட முடியலையே."

அண்ணிக்கு அவர்மேல் கோபம் கோபமாக வந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் அந்தக் கோபத்தை வைத்துக்கொள்ளவும் முடியவில்லை.

"இப்ப என்ன பண்றது?" என்றாள் வக்கீலம்மாவிடம்.

"இன்னொரு ஆள் வேணும். சொந்தமா இடமோ கடையோ இருக்கணும். இப்பவே வேணும். நாலு மணிக்கு நீதிபதி ஐயா எழுந்துட்டார்னா அவ்வளவுதான்."

அண்ணி போனை எடுத்தாள். மார்க்கெட்டில் தெரிந்தவர்கள் பேரெல்லாம் வரிசையாக வந்தது. மளிகைக்காரருக்கு மனசு இருந்தது, மனைவி விடவில்லை. பாத்திரக்கடை முதலாளி, "அடடா, தம்பிக்கு இல்லாததா" என்று ஆரம்பித்து, கோர்ட் என்ற சொல் காதில் விழுந்ததும் லைன் சரியில்லை என்றார். லைன் கண்ணாடி மாதிரி இருந்தது. பூட்டு சப்ளை பண்ணுகிறவர் மட்டும் உண்மையைச் சொன்னார். "உங்க மாமனாரே நிக்கல. நான் எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு நிக்கிறது?"

அது நியாயமான கேள்விதான். அண்ணி மாமனாருக்கே போன் போட்டாள்.

"மாமா, சின்ன மாமாவை வேணாம்னுட்டாங்க. நீங்க வந்தா அரை மணி நேரத்துல முடிஞ்சிடும். இல்லேன்னா ஒரு வாரம் ஆயிடும் மாமா. தம்பி தாங்க மாட்டான்."

அந்தப் பக்கம் அரம் தேய்க்கிற சத்தம் நின்றது.

"இத்தனை வருஷமா ஒரு பூட்டை நான் விசாரிக்காமத் தொட்டதில்ல" என்றார் பெரியவர். "யார் வீட்டுச் சாவியும் நம்பி என் கையில குடுப்பாங்க. நேத்து ஒரு அம்மா வந்து, 'உங்க பையன்தானே அது'ன்னு கேட்டுட்டு, குடுத்த பூட்டைத் திருப்பி வாங்கிட்டுப் போச்சு. நான் வரமாட்டேன். நம்ம வீட்ல யாரும் அவனுக்கு நிக்கக் கூடாது. அவன் இந்த வீட்டு வாசல் ஏறவும் கூடாது."

"மாமா…"

"சொல்லிட்டேன்."

வைத்துவிட்டார். அண்ணி போனைப் பார்த்துக்கொண்டே நின்றாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவர் 'சொல்லிட்டேன்' என்றால் அதோடு சரி. அவரை அவள் எதிர்த்து ஒரு வார்த்தை பேசியதில்லை. பேச வேண்டிய நாளிலெல்லாம் சின்னவன்தான் அவளுக்காகப் பேசியிருக்கிறான். மார்க்கெட்டில் தனியாகச் சாவிக்கடை போடுகிறேன் என்று அவள் மென்று விழுங்கியபோது, "போடட்டுமேப்பா, என்ன குடி முழுகிடும்?" என்று குறுக்கே விழுந்து வாங்கிக் கட்டிக்கொண்டது அவன்தான். அப்போது அவனுக்கு மீசைகூட முளைக்கவில்லை.

கடை!

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஊரெல்லாம் சொத்துள்ள ஆளைத் தேடுகிறோமே!

"வக்கீலம்மா, நான் நிக்கலாமா?"

வக்கீலம்மா காதிலிருந்து போனை எடுத்தாள். "என்னது?"

"மார்க்கெட்ல இருக்கிற சாவிக்கடை என் பேர்லதான் இருக்கு. என் நகையை வித்து வாங்கினது. வரியும் நான்தான் கட்றேன். பொம்பளை நிக்கக் கூடாதுன்னு ஏதாச்சும் இருக்கா?"

"ஒரு மண்ணும் இல்ல." வக்கீலம்மா தன் நெற்றியில் தானே தட்டிக்கொண்டாள். "எனக்கே தோணலை பாருங்க! ஜாமீன்னதும் நானும் ஆம்பளைங்களையே தேடிட்டிருந்தேன். நானே ஒரு பொம்பளை!" உடனே குரலைத் தணித்தாள். "ஆனா நல்லா யோசிச்சுக்குங்க. தம்பி ஒரு தேதிக்கு வரலேன்னாலும் கடை மேல கைவைப்பாங்க. அப்புறம் அழுது பிரயோஜனம் இல்ல."

"வருவான்."

"உங்க மாமனார்?"

அண்ணி பெஞ்சில் குன்றி உட்கார்ந்திருந்த சித்தப்பாவிடம் திரும்பினாள். "சின்ன மாமா, உங்க வேனை எடுங்க. கடையில மிஷினுக்குக் கீழே தகரப் பெட்டி இருக்கு. அப்படியே தூக்கிட்டு வாங்க. இந்தாங்க சாவி."

சித்தப்பா எழுந்த வேகத்தைப் பார்க்க வேண்டுமே! இருபது வயசு குறைந்துவிட்டது மனுஷனுக்கு.

பெட்டி வந்தபோது கோர்ட்டில் கடைசி வழக்கு ஓடிக்கொண்டிருந்தது. வக்கீலம்மா புகுந்து புறப்பட்டு, கெஞ்சி, எழுத்தரின் முறைப்பை வாங்கிக்கொண்டு, அண்ணியைக் கூண்டில் ஏற்றிவிட்டாள்.

அங்கிருந்து பார்த்தால் கோர்ட்டே வேறு மாதிரி இருந்தது. எல்லா முகமும் தன்னையே பார்ப்பது போல இருந்தது.

"ஜாமீன் கேட்கிறவர் உங்களுக்கு என்ன வேணும்?"

அண்ணி ஏதோ சொன்னாள். அவளுக்கே கேட்கவில்லை.

"சத்தமாச் சொல்லுங்கம்மா."

மறுபடியும் உதடு மட்டும் அசைந்தது. அரசு வக்கீல் எழுந்துவிட்டார். "ஐயா, இவங்க அதே வீட்டு மருமகள். பேசவே பயப்படறாங்க. இவங்க சொல்லி அந்த ஆள் கேப்பானா? ஓடிப்போனா இவங்களால பிடிச்சுக் கொண்டுவர முடியுமா? அந்தக் குடும்பத்துப் பெரியவரே ஜாமீன் நிக்க வரலைங்கறதையும் கோர்ட் கவனிக்கணும்."

அந்தக் கடைசி வார்த்தை சுருக்கென்று தைத்தது.

வீட்டில் அண்ணி பேசினால் பக்கத்தில் இருப்பவருக்கே கேட்காது, நிஜம்தான். ஆனால் அவள் வீட்டில் மட்டும் வாழ்கிறவள் இல்லையே. நாள் முழுக்கச் சாவி வெட்டுகிற மிஷின் பக்கத்தில் உட்கார்ந்து, அது கிறீச்சிடுகிற சத்தத்துக்கு மேலே வாடிக்கையாளரோடு பேரம் பேசுகிறவள். அந்தக் குரல் அவளுக்கே தெரியாமல் கிளம்பியது.

"கொழுந்தனுங்க!"

எழுத்தரின் பேனா கீழே விழுந்தது. ஜன்னலோரம் தூங்கி வழிந்துகொண்டிருந்த கான்ஸ்டபிள் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"இப்பக் கேக்குது" என்றார் நீதிபதி. "இவர் எந்தத் தப்பும் பண்ணலேன்னு சொல்றீங்களா?"

"பண்ணினான் ஐயா."

வக்கீலம்மா கண்ணை மூடிக்கொண்டாள்.

"எங்க தொழில்ல ஒரு முறை இருக்குங்க. யார் வந்து வீட்டைத் திறக்கக் கூப்பிட்டாலும், பக்கத்து வீட்டுக்காரங்க ஒருத்தர் வந்து, 'ஆமா, இவர் வீடுதான்'னு வாயால சொல்லணும். அதுக்கு அப்புறம்தான் பூட்டுல கைவைப்போம். எங்க மாமனார் போட்ட சட்டம் அது. அன்னிக்குக் குழந்தை அழுததும் இவனுக்கு மனசு இளகிடுச்சு. கேக்காமத் திறந்துட்டான். அது தப்புதான். அதுக்கு எங்க மாமனார் இன்னும் அவன் முகத்துல முழிக்கல. ஆனா அவன் திருடல ஐயா. அது வேற, இது வேற."

"சரி. ஓடிப்போக மாட்டார்னு எப்படிச் சொல்றீங்க?"

"ஓடறவனா இருந்தா அன்னிக்கே ஓடியிருப்பான் ஐயா. மறுநாள் அந்த வீட்ல திருட்டுப் போயிடுச்சுன்னு தெருவெல்லாம் பேசிக்கிட்டாங்க. யார் திறந்ததுன்னு ஒருத்தருக்கும் தெரியாது. இவன்தான் வேலைப் பையைத் தூக்கித் தோள்ல மாட்டிக்கிட்டு, தானா ஸ்டேஷனுக்குப் போய், 'அந்தக் கதவைத் திறந்தது நான்தாங்க'ன்னு சொன்னான். அவனை யாரும் தேடவே இல்ல. போகாதேன்னு நான் கையைப் பிடிச்சு இழுத்தேன். கேக்கல."

அரசு வக்கீல் தாளைப் புரட்டினார். "கைது செய்தோம்னுதான் இருக்கு. எங்கேன்னு…"

நீதிபதியின் பார்வை ஜன்னலோரம் போனது. "நீங்க அந்த ஸ்டேஷன்தானே? அன்னிக்கு டியூட்டியில இருந்தீங்களா?"

கான்ஸ்டபிள் தொப்பியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எழுந்தார். அரசு வக்கீலை ஒருமுறை பார்த்தார், கூண்டில் நிற்கும் அண்ணியை ஒருமுறை பார்த்தார். "இருந்தேங்க ஐயா. அந்தம்மா சொல்றது சரிதாங்க. அவராத்தான் வந்தாரு. நாங்க முதல்ல நம்பவே இல்ல. ஒரு மணி நேரம் வெளியில உக்கார வெச்சோம். எங்கேயும் போகல."

நீதிபதி தகரப் பெட்டியிலிருந்து வந்த கடைப் பத்திரத்தைப் படித்தார். வரி ரசீதைப் பார்த்தார். கண்ணாடிக்கு மேலாக அண்ணியையும் பார்த்தார்.

"அந்த ஆள் வரலேன்னா இந்தக் கடை உங்க கையை விட்டுப் போயிடலாம். புரிஞ்சுதான் நிக்கிறீங்களா?"

"புரிஞ்சுதான் நிக்கிறேன் ஐயா. பக்கத்துல நின்னு ஒருத்தர் சொன்னாத்தான் கதவு திறக்கும். நான் சொல்றேன். இவன் எங்க வீட்டுப் பிள்ளை. வருவான்."

நீதிபதி பேனாவை எடுத்தார்.

"ஏற்றுக்கொள்ளப்படுகிறது. ஒரு நிபந்தனை. வழக்கு முடியற வரைக்கும் அவர் உங்க வீட்லதான் தங்கணும். தினமும் காலையில ஸ்டேஷன்ல போய்க் கையெழுத்துப் போடணும். வேற எங்கேயாவது தங்கினார்னு தெரிஞ்சா ஜாமீன் ரத்தாகும்."

எழுத்தர் காட்டிய இடத்தில் அண்ணி கையெழுத்துப் போட்டாள். கப்பலில் இருக்கிறவனுக்கு மனைவி என்றோ, பெரியவருக்கு மருமகள் என்றோ அங்கே எதுவும் எழுதவில்லை. கடை உரிமையாளர் என்று இருந்தது. அதன் கீழே அவள் பேர்.

ஜெயித்துவிட்டோம் என்று கத்த வேண்டும்போல இருந்தது அவளுக்கு. ஆனால் நேரம்?

விடுதலை உத்தரவு டைப் ஆகி, முத்திரை விழுந்து, உறைக்குள் போனபோது வெயில் மதில் மேலே ஏறிவிட்டது. அதைச் சிறைக்கு எடுத்துப் போக வேண்டிய கோர்ட் ஊழியர் கொட்டாவி விட்டார். "பஸ் பிடிச்சுப் போய்ச் சேர்றதுக்குள்ள பூட்டிடுவாங்கம்மா. போனாலும் வேஸ்ட்டுதான்."

"யாரு உங்களை பஸ்ல போகச் சொன்னது?" கையெழுத்துச் சித்தப்பா வேன் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். ராஜாவை ஏற்றுகிற மாதிரி அந்த ஊழியரை முன்சீட்டில் ஏற்றினார். "நமக்குக் கையெழுத்துதான் ராசியில்ல. கியர் ராசி உண்டு. பிடிச்சுக்குங்க!"

அந்த வேன் போன வேகத்தை நான் விவரிக்கப் போவதில்லை. சட்டப்படி அதுவே தனி வழக்கு. கோர்ட் ஊழியர் வழி முழுக்க உறையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கண்ணை இறுக்கி மூடியிருந்தார். பின்னால் உட்கார்ந்திருந்த அண்ணியும் வக்கீலம்மாவும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு வளைவிலும் ஒரே குரலில் கத்தினார்கள்.

சிறை வாசலில் எண்ணிக்கைக்கு மணி அடிக்கத் தயாராக நின்ற காவலர் இவர்களைப் பார்த்துக் கையை இறக்கினார். உறை உள்ளே போனது. பேர், தகப்பன் பேர், வழக்கு நம்பர் என்று ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார்கள். வெளியே மூன்று பேரும் உட்காரக்கூட இல்லை.

பெரிய கதவுக்குள் இருந்த சின்னக் கதவு திறந்தது. தலையைக் குனிந்துகொண்டு சின்னவன் வெளியே வந்தான்.

அண்ணி ஓடினாள். என்னென்னவோ சொல்ல வேண்டும் என்று வைத்திருந்தாள். எதுவும் வரவில்லை. அவன் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, ஊரே பார்க்க அழுதாள்.

அவனும் அழுதான். மூக்கை உறிஞ்சினான். திரும்பிக் கதவைப் பார்த்தான்.

"அண்ணி, அந்தப் பூட்டுக்கு எண்ணெய் விட்டு எத்தனை வருஷம் ஆச்சோ. திறக்கும்போதெல்லாம் கத்துது. சொன்னா ஒருத்தரும் கேக்க மாட்டேங்கறாங்க."

அண்ணி அழுகையோடு சிரித்துவிட்டாள். பிள்ளை பிழைத்துவிட்டான்!

திரும்பி வரும்போது சித்தப்பா அவனை முன்சீட்டில் உட்கார வைத்து முதுகைத் தட்டிக்கொண்டே ஓட்டினார். அண்ணி கோர்ட்டில் கத்திய கதையை வக்கீலம்மா நடித்தே காட்டினாள். சின்னவன் வயிறு வலிக்கச் சிரித்தான். சிரிப்பு அடங்கியதும் பின்பக்கம் திரும்பினான்.

"அண்ணி, ஒண்ணு சொல்லணும். உள்ள யார்கிட்டயும் சொல்லல. அன்னிக்கு அந்த ஆள் தோள்ல போட்டுட்டு வந்தானே ஒரு குழந்தை, அதை மறுபடியும் பாத்தேன்."

"எங்கேடா?"

"உள்ளேயேதான். முந்தாநேத்து, கைதிகளைப் பாக்க வெளியாளுங்க மனு போட்டுட்டு வர்ற நேரத்துல. ஒரு பொம்பளை அதைத் தூக்கிட்டு வந்து வேற ஒரு கைதியைப் பாத்துட்டுப் போனா. குழந்தை என்னைப் பாத்துச் சிரிச்சுது அண்ணி. அதுக்கு என்னை அடையாளம் தெரிஞ்சுது."

வக்கீலம்மா சிரிப்பை நிறுத்திவிட்டு நிமிர்ந்தாள். "எந்தக் கைதி? பேர் தெரியுமா?"

"பேர் தெரியாது. ஆனா எந்த அறைன்னு தெரியும்."

"போதும்" என்றாள் வக்கீலம்மா. அவள் கண்ணில் பளிச்சென்று ஒரு வெளிச்சம். "யார் யாரைப் பாக்க வந்தாங்கன்னு அங்கே பதிவு இருக்கும். விடுமுறை முடியட்டும், நான் பாத்துக்கறேன்."

தெருமுனையில் இறக்கிவிட்டார்கள். சித்தப்பா வீடுவரை வரவில்லை. அண்ணனைப் பார்க்க அவருக்கு இன்றைக்குத் தெம்பில்லை.

பெரியவரின் பூட்டுக்கடைக்கு மேலேதான் வீடு. படி ஏறியதும் வாசல். இரட்டைக் கதவில் ஒன்று மூடியிருந்தது. திறந்திருந்த இன்னொன்றை அடைத்துக்கொண்டு பெரியவர் நின்றார். செய்தி அவருக்கு முன்பே வந்து சேர்ந்துவிட்டது, முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

சின்னவன் கடைசிப் படியிலேயே நின்றுவிட்டான்.

"யாரைக் கேட்டு நின்னே?" என்றார் பெரியவர் அண்ணியிடம். மகன் பக்கம் அவர் கண் போகவில்லை.

"யாரையும் கேக்கல மாமா."

"நம்ம வீட்ல யாரும் நிக்கக் கூடாதுன்னு சொன்னேனா இல்லையா?"

"சொன்னீங்க. நான்தான் நின்னேன்."

இப்படி ஒரு பதிலை அவர் அவளிடமிருந்து கேட்டதே இல்லை. சின்னவன் மெல்ல, "அண்ணி, நான் சைக்கிள் கடை மாமா வீட்ல படுத்துக்கறேன்" என்று ஒரு படி இறங்கினான். அண்ணி திரும்பிப் பார்க்காமலே கையைப் பின்னால் நீட்டி, அவன் சட்டையைப் பிடித்து நிறுத்தினாள்.

"அவன் என் வீட்லதான் தங்கணும்னு நீதிபதி எழுதிட்டார் மாமா. வேற எங்கே படுத்தாலும் மறுபடியும் உள்ள கொண்டுபோய் வெச்சிடுவாங்க. என் கடையும் போயிடும். உங்க கோபம் நியாயம். அதை நான் கோர்ட்லயே சொல்லிட்டுத்தான் வந்தேன், இவன் பண்ணினது தப்புதான்னு. அதுக்காக இவனை ஜெயில்ல விட்டுட்டு என்னால தூங்க முடியாது. இந்த வீடு வேண்டாம்னா சொல்லுங்க. இன்னிக்கே வேற வீடு பாக்கறேன், நானும் இவனும் போறோம். உங்க பெரிய பையன் கப்பல்லேர்ந்து வந்தா புது விலாசத்தை நீங்களே குடுத்துடுங்க."

அவள் குரலை உயர்த்தவில்லை. உயர்த்த வேண்டிய அவசியமே வரவில்லை.

பெரியவர் முதல்முறையாக மகனைப் பார்த்தார். குழிந்த கன்னத்தையும் சட்டைக்குள் தொங்கிய தோளையும் பார்த்தார்.

"தள்ளுங்க மாமா" என்றாள் அண்ணி. "அவன் உள்ள வரணும்."

பெரியவர் குனிந்தார். மூடியிருந்த கதவின் கீழ்த் தாழ்ப்பாளை எடுத்தார். எட்டி மேல் தாழ்ப்பாளையும் எடுத்தார். இரண்டு கதவையும் விரியத் திறந்துவிட்டு, சுவரோரம் ஒதுங்கி நின்றார்.